'1,300 டிகிரி' விளம்பரத்தை நம்பி கேஸ் டார்ச் வாங்கலாமா?

எந்த ஷாப்பிங் ஆப்பில் 'கேஸ் டார்ச்' என்று தேடினாலும் ஒரே எண்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 1,300 டிகிரி. பேனா சைஸில் சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் டார்ச்சுக்கும் அதே எண். உள்ளங்கையில் அடங்கும் குட்டி டார்ச்சுக்கும் அதே எண். கேனின் தலையில் திருகி மாட்டும் பெரிய ஃபிளேம் கன்னுக்கும் அதே எண். விலை மட்டும் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். 'எல்லாமே 1,300 டிகிரிதானே, மலிவானதை வாங்கிவிடலாம்' என்று ஆர்டர் போட்டுவிட்டு, பிறகு ஏசி குழாயின் முன்னால் உட்கார்ந்து கால் மணி நேரம் ஊதியும் ராடு உருகவில்லை என்று திட்டுபவர்கள் ஏராளம்.

அந்த எண் முழுப் பொய் அல்ல. ஆனால், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. பிறந்தநாள் கேக்கில் ஏற்றும் மெழுகுவர்த்திச் சுடரின் மிகச் சூடான பகுதிகூட 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதற்காக மெழுகுவர்த்தியில் யாராவது சாதம் வடிக்க முடியுமா? சுடரின் சூடு ஒன்று. அந்தச் சுடர் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு வெப்பத்தைக் கொட்டுகிறது என்பது வேறு. வேலை நடப்பது இரண்டாவதால்தான்.

ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது இது. செம்பும் வெள்ளியும் பெரிய ஓட்டை உள்ள வாளிகள். ஒரு முனையில் சூடு காட்டினால் மறுமுனைக்குக் கடத்திவிடும். எவர்சில்வரைவிடச் செம்பு இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அது வெளியேற்றுவதைவிட வேகமாக நீங்கள் ஊற்றினால்தான் வாளி நிறையும். பேனா டார்ச்சில் கொள்ளும் எரிவாயு சுமார் 10 மில்லி, எடையில் 6 கிராம்கூட இருக்காது. அது முழுக்க எரிந்தால் கிடைக்கும் ஆற்றல், 75 வாட் குண்டு பல்பு ஒரு மணி நேரம் எரிய ஆகும் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதிலும் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். மெல்லிய ஒயருக்கு இது தாராளம். அரை இன்ச் செம்புக் குழாய்க்குக் காணாது.

ஆகவே, கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'எதை ஒட்டப் போகிறோம்?' என்பதுதான்.

முதலில், டார்ச் வேண்டாத வேலைகள்

ரிமோட், எஃப்எம் ரேடியோ, எல்இடி பல்பு, சார்ஜர் போர்டு. இவற்றை ரிப்பேர் செய்யத்தான் ஆசை என்றால் டார்ச் வாங்கவே வேண்டாம். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். எலெக்ட்ரானிக் வேலையில் பரவலாகப் பயன்படும் 63-க்கு 37 வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயம் கலக்காத வகைக்கு 217 முதல் 220 டிகிரி. இதற்கு ஆயிரம் டிகிரிச் சுடரைக் காட்டினால் ஈயம் உருகும் முன்பே போர்டு கருகும், பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர் உப்பும்.

கரன்ட் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு 'கேஸ் சால்டரிங் அயர்ன்' என்று ஒன்று இருக்கிறது. பார்க்கப் பேனா டார்ச் போலவே இருக்கும். ஆனால், முனையில் சுடர் வெளியே வராது. உள்ளே இருக்கும் கேட்டலிஸ்ட் துண்டின் மேல் எரிவாயு சுடரில்லாமல் எரிந்து முனையைச் சூடாக்கும். முனையைக் கழற்றினால் டார்ச், மாட்டினால் சால்டரிங் அயர்ன். மொட்டை மாடி சோலார் பேனல், தோட்டத்து மோட்டார் ஷெட், கேபிள் டிவி வேலைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பக்கவாட்டுத் துளை வழியே சூடான புகை வெளியே வரும். அந்தத் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் வேலை பார்த்தால், ஒயரின் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் உருகும்.

பொடி வைத்து ஊதுதல்

பேனா டார்ச்சின் உண்மையான ஆடுகளம் சின்ன உலோக வேலை. மகளின் கொலுசில் வளையம் விட்டுப் போயிருக்கும். அரைஞாண் கொடியின் கொக்கி பிளந்திருக்கும். இதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பொற்கொல்லர்கள் விளக்கையும் ஊதுகுழலையும் வைத்தே செய்து வந்தார்கள். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே பற்றாசுப் பொடியை வைத்து, வெண்காரம் தடவி, வாயால் ஊதிச் சுடரைத் திருப்பி அங்கே பாய்ச்சுவார்கள். 'பொடி வைத்து ஊதுகிறான்' என்று வீட்டுத் திண்ணையில் சொல்லும் பேச்சுக்கும் இந்தப் பட்டறை வேலைக்கும் பெயர் ஒன்றுதான். அந்த ஊதுகுழலின் வேலையைத்தான் இன்று டார்ச்சின் நாசில் செய்கிறது. நாசிலுக்குக் கீழே சின்னத் துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் வளையமும் இருக்கும். எரிவாயு பாயும் வேகத்தில் அந்தத் துளைகள் வழியாகக் காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாக, கரி படியும்படி ஆடும். சரியாகக் கலந்தால் நீலமாக, கூராக, 'உஸ்' என்ற சத்தத்தோடு நிற்கும்.

அந்த நீலச் சுடரைக் கவனித்தால் உள்ளே இன்னொரு சின்னக் கூம்பு தெரியும். மிகச் சூடான இடம் அந்த உள்கூம்பின் முனைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பலரும் பொருளை நாசிலோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். அங்கே எரியாத எரிவாயுதான் அதிகம். அரை இன்ச் தள்ளிப் பிடித்தாலே வேலை பாதி நேரத்தில் முடியும்.

வெள்ளி 961 டிகிரியில் உருகும். அதை ஒட்டும் வெள்ளிப் பொடி, வகையைப் பொறுத்து சுமார் 600 முதல் 780 டிகிரிக்குள் இளகும். இடைவெளி குறைவு. பொடியின் மேலேயே சுடரைக் காட்டினால் பொடி உருண்டு திரண்டு நிற்குமே தவிர, இணைப்புக்குள் இறங்காது. இரண்டு துண்டுகளையும் சுற்றிலும் சீராகச் சூடாக்கினால், உருகிய பொடி தானாகவே இடுக்கை நோக்கி ஓடும். டார்ச் பிடிக்கப் பழகுகிறவர்கள் முதலில் செம்புக் கம்பியில் பத்துப் பதினைந்து இணைப்புகள் போட்டுப் பார்த்த பிறகே வெள்ளியைத் தொடுவது நல்லது. பாட்டி கொடுத்த கொலுசு பயிற்சிப் பொருள் அல்ல.

இன்னொன்று. 'வீட்டில்தான் ஈயக் கம்பி இருக்கிறதே' என்று எலெக்ட்ரானிக் ஈயத்தை வைத்துக் கொலுசை ஒட்டுபவர்கள் உண்டு. அப்போதைக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதை ஆசாரியிடம் கொடுத்து அவர் சுடர் காட்டும்போது, அந்த ஈயம் வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்யும். அவர் உங்களைத் திட்டினால் அதில் நியாயம் இருக்கிறது.

நகைக்கடைப் பலகைகளில் ஒரு காலத்தில் பெருமையாக எழுதப்பட்ட 'கேடிஎம்' என்ற மூன்றெழுத்தும் இந்தப் பொடியின் கதைதான். காட்மியம் கலந்த பற்றாசில் ஒட்டிய நகை அது. காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகையை அணிபவருக்கு அல்ல, பட்டறையில் குனிந்து ஊதியவருக்கு வந்த ஆபத்து அது. இன்று பொடியோ, சில்வர் ராடோ வாங்கும்போது 'காட்மியம் இல்லாதது' என்று கேட்டு வாங்குங்கள். அட்டையில் அப்படி எழுதியிருக்கவும் வேண்டும்.

ஏசி குழாய்க்கு எது?

ஏசி, ஃபிரிட்ஜ் செம்புக் குழாய்களை ஒட்டும் செம்பு-பாஸ்பரஸ் ராடு 700 டிகிரிக்கு மேல்தான் உருகி ஓடும். பேனா டார்ச்சும் உள்ளங்கை டார்ச்சும் இதற்குச் சரிவராது. கேனின் மேல் மாட்டும் பெரிய தலை வேண்டும். அதிலும் பியூட்டேனைவிட புரொப்பேனோ, தொழிலில் 'மேப் கேஸ்' என்று சொல்லப்படும் மஞ்சள் கேனோ நன்றாக வேலை செய்யும். (அசல் மேப் கலவையின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் புரொப்பிலீன்.)

சொந்தமாக ஃபிரிட்ஜைச் சரி செய்யலாம் என்று யூடியூப் பார்த்து இறங்குபவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் வாயு ஆர்600ஏ. அதன் இன்னொரு பெயர் ஐசோபியூட்டேன். அதாவது, டார்ச்சில் எரியும் வாயுவின் உடன்பிறந்த தம்பி. குழாயில் அது மிச்சம் இருக்கும்போது சுடரைக் காட்டுவது, கேஸ் டியூபில் நேரடியாகத் தீ வைப்பதற்குச் சமம். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்22 அப்படிப் பற்றிக்கொள்ளாது. ஆனால், சுடரில் பட்டால் பாஸ்ஜீன் உள்ளிட்ட நச்சு வாயுக்களாக மாறும். இந்த வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு உரியது. டார்ச் வாங்கிவிட்டோம் என்பதாலேயே மெக்கானிக் ஆகிவிட முடியாது.

கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் வாங்குவதில் ஒரு வசதி, பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். முதலில் எடை. நாசில் உலோகமா, உலோக நிறம் பூசிய பிளாஸ்டிக்கா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். அடுத்தது அடிப்பாகம். மேசை மேல் நிறுத்தினால் ஆடாமல் நிற்க வேண்டும். கூடவே கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்டைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சுடரை அணைத்த பிறகும் நாசில் பல நிமிடங்கள் சுடும். அதைக் கீழே படுக்க வைத்தால் மேசை விரிப்பில் ஓட்டைதான். ஸ்டாண்டு அதற்காகத்தான்.

பிறகு லாக். இரண்டு வகை லாக் உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வரும். ஒன்று, பட்டனை அழுத்தினாலும் பற்றாமல் தடுப்பது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது இல்லாத டார்ச் வரவே கூடாது. இன்னொன்று, ஒருமுறை பற்றவைத்த சுடர் விரலை எடுத்த பிறகும் தொடர்ந்து எரிய வைப்பது. இரண்டு கையும் தேவைப்படும் சால்டரிங் வேலைக்கு இது உதவும். ஆனால், டார்ச் கீழே விழுந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'டக்' என்று பற்றவைப்பது பீசோ. அழுத்தம் கொடுத்தால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்று 1880-ல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். அந்த பியரிதான் பிறகு மேரி கியூரியின் கணவர். நம் சமையலறை லைட்டரிலும் இதே சங்கதிதான். கடையில் பத்து முறை அழுத்திப் பாருங்கள். எட்டு முறையாவது பொறி வர வேண்டும். மலிவு டார்ச்களில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் இந்த பீசோதான். அது போனாலும் டார்ச் போய்விடாது, லைட்டரால் பற்றவைக்கலாம். ஆனால், வால்வு கசிந்தால் அந்த டார்ச்சின் கதை முடிந்தது. பசையோ, எம்சீலோ தடவிக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

கேன் மேல் மாட்டும் வகையில் ஒரு தொல்லை உண்டு. கேனைச் சாய்த்ததும் திரவமாகவே எரிவாயு நாசிலுக்கு வந்து, இரண்டடி நீள மஞ்சள் சுடராகச் சீறும். முகத்துக்கு நேரே பிடித்திருந்தால் புருவம் மிஞ்சாது. 'தலைகீழாகவும் பயன்படுத்தலாம்' என்று போட்டிருக்கும் டார்ச்சில்கூட, முதல் ஓரிரு நிமிடம் நேராக வைத்து எரித்துக் குழாய் சூடான பிறகே சாய்க்க வேண்டும். ஆட்டுத் தலை வாட்டும் கறிக்கடைக்காரர்கள் கையில் இந்த டார்ச் எப்படி நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கேன் பெரும்பாலும் நேராக இருக்கும், தலையைத்தான் திருப்புவார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பியூட்டேன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. உறைபனி விழும் காலையில் டார்ச் முனகுவது அதனால்தான், பழுதினால் அல்ல. சட்டைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தால் சரியாகும். அடுப்பருகே வைத்துச் சூடேற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

வீட்டு சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா?

கூடாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரீஃபில் கேன் தீர்ந்ததும், 'அதுவும் கேஸ், இதுவும் கேஸ்' என்று ஒரு டியூப் வைத்துச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. சமையல் எரிவாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. நம் ஊர் வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. பியூட்டேனின் அழுத்தத்தைத் தாங்க மட்டுமே செய்யப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் அந்தக் கலவையை அடைத்துக் கையில் பிடிப்பது, எப்போது வெடிக்கும் என்று தெரியாத பட்டாசைப் பிடிப்பதுதான். வீட்டு உபயோக சிலிண்டரிலிருந்து வேறு கலனுக்கு எரிவாயுவை மாற்றுவது சட்டப்படியும் குற்றம்.

லைட்டருக்கென்று விற்கும் சுத்திகரித்த பியூட்டேன் கேனை வாங்குங்கள். இதில் ஒரு சிக்கல்: சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். சுத்திகரித்த லைட்டர் கேஸில் அந்த நாற்றம் பெரும்பாலும் இருக்காது. மூக்கை நம்ப முடியாது. நிரப்பிய பிறகு வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது.

நிரப்பும் முறையும் எளிதுதான். டார்ச் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சுடர் அளவைக் குறைக்கும் திருகை மூடிவிட்டு, டார்ச்சைத் தலைகீழாகத் திருப்பி, கேனையும் தலைகீழாக அதன் மேல் செங்குத்தாக வைத்துச் சில விநாடிகள் அழுத்த வேண்டும். சாய்வாக அழுத்தினால் பாதி வாயு விரலில்தான் பீச்சும், விரல் உறைந்துபோகும். முழுக்க நிரப்பாமல் விரிவடையக் கொஞ்சம் இடம் விடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பியூட்டேன் காற்றைவிட இரண்டு மடங்கு கனம். வெளியே சிந்தியது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். பூஜை அறை விளக்கு, பக்கத்து அடுப்பு, தரையோரம் இருக்கும் பிளக் பாயின்ட் என்று எங்கே பொறி இருந்தாலும் அங்கே பற்றும். நிரப்புவதற்கு மொட்டை மாடிதான் சரியான இடம். ஆனால், அங்கே உச்சி வெயிலில் பற்றவைத்துப் பார்க்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துக் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ரயிலிலும் பைக்கிலும்

வெளியூர் வேலைக்குப் போகும் டெக்னீஷியன்கள் டூல் பேக்கிலேயே கேனையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவது சகஜமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரே காரணம் என்று ரயில்வே சொன்னது. ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி, ஆபத்தான பொருள்களை எடுத்துச் சென்றால் 3 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம். விமானத்தில் பியூட்டேன் கேனைக் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், செக்-இன் லக்கேஜிலும் அனுமதிக்க மாட்டார்கள். போகிற ஊரில் வாங்கிக்கொள்வது மட்டுமே வழி.

பைக் சீட்டுக்கு அடியில், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் டார்ச்சையும் கேனையும் விட்டுவைப்பதும் வேண்டாம். பெரும்பாலான கேன்களிலேயே 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். மே மாத வேலூரில் மூடிய காருக்குள் அந்த அளவு வெப்பம் சர்வசாதாரணம்.

பைக் என்றதும் இன்னொன்று. ஹெட்லைட் ஒயர் அறுந்தால் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு டார்ச்சால் சுருக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஸ்லீவ் சுருங்க 90 முதல் 120 டிகிரியே போதும். ஆனால், பைக்கில் அந்த ஒயர்க் கட்டு ஓடுவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். அங்கே சுடருக்கு இடமே இல்லை, ஹாட் ஏர் கன்கூட டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகுதான். துருப்பிடித்த நட்டைச் சூடாக்கிக் கழற்றுவது டார்ச்சின் அருமையான உபயோகம். ஆனால், அதே நட்டில் ஐந்து நிமிடத்துக்கு முன் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்திருந்தால், அது எரியும். ஜிஐ குழாயைப் பழுக்கக் காய்ச்சினால் துத்தநாகப் புகை கிளம்பும், அன்று இரவே காய்ச்சல் அடிக்கும். பிவிசி குழாயை வாட்டி வளைக்கும் பிளம்பர்கள், குழாய் கருகும் அளவுக்குப் போகவே கூடாது. அந்தப் புகையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

வேலை பார்க்கும்போது அடியில் ஓடு அல்லது செங்கல், பக்கத்தில் ஒரு வாளி மணல், ஜன்னல் திறந்த அறை, கையில் பருத்திச் சட்டை. பாலியஸ்டர் துப்பட்டாவும் நைலான் சட்டையும் ஆகாது, தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ விரல் மூட்டிலோ பட்டிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வருடத்துக்கு ஒருமுறை கொலுசு வளையம் விடும் வீட்டுக்கு டார்ச் அவசியமில்லை, தெருமுனை ஆசாரிக்கு அந்த ஐம்பது நூறு ரூபாய் போகட்டும். மாதம் நாலு முறையாவது ஒயர் வேலை பார்ப்பவர் என்றால் சால்டரிங் முனையோடு வரும் பேனா டார்ச். கைவினை நகை செய்து விற்பவர் என்றால் காற்று வளையமும் தொடர் சுடர் லாக்கும் உள்ள, அகல அடிப்பாகம் கொண்ட உள்ளங்கை டார்ச். செம்புக் குழாய் ஒட்டுபவர் என்றால் கேன் டார்ச். எதை வாங்கினாலும் வேலை முடிந்ததும் பீரோவின் மேல் தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், லாக் போட்டு, நிற்க வைத்து வையுங்கள்.